ஏழாவது வீட்டு பாட்டில்

இது எனக்கு நடந்ததில்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் தமயந்தி சொன்னது. அதையும் அவள் வரிசையாகச் சொல்லவில்லை. துணி காயப்போடும்போது கொஞ்சம், மின்சார ரயிலில் நின்றுகொண்டு கொஞ்சம், மீதியெல்லாம் ஒருநாள் எதற்கோ என்மேல் எரிந்து விழுந்துவிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டே. அவள் அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி வரை அவள் தலைக்குள் ஓடியது இது. அவள் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். அவளைப் போலவே நானும் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள். எங்கள் இரண்டு பேருடைய பயமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே எங்காவது என் பயமும் கலந்திருக்கலாம். இனி 'நான்' என்று வருவதெல்லாம் தமயந்தி.

முதல் வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆதிமூலம் பெரியப்பா கல்யாணப் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்வதற்குள் பெரியம்மா ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டாள், திறந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, நேற்றே வாங்கி அடுக்கியிருக்கிறார்கள், பத்திரிகை வைக்க வருகிறோம் என்று போன் செய்துவிட்டு வந்தது என் தப்பு. எங்கள் பக்கம் பாட்டிலில் வரும் இனிப்புச் சோடா எதுவானாலும் அதற்குக் கலர் என்றுதான் பெயர், வந்தவருக்குக் கலர் கொடுக்காவிட்டால் அவரை மதிக்கவில்லை, கொடுத்ததைக் குடிக்காவிட்டால் கொடுத்தவரை மதிக்கவில்லை, இந்த இரண்டு மதிப்புக்கும் நடுவில் என் அப்பாவின் ரத்தம். வேண்டாம் பெரியம்மா, அப்பாவுக்கு சுகர், புதன்கிழமை கண் ஆபரேஷன், இருநூறுக்குக் கீழே இருந்தால்தான் செய்வார்கள் என்று நான் சொல்லி முடிக்கும்போது மூடி திருகி 'உஸ்' என்று சத்தமும் வந்துவிட்டது. "நல்ல காரியம் சொல்ல வந்துட்டு வாயக் கட்டிக்கினா போவாங்க? கலர்தானேடி, சாராயமா ஊத்திக் குடுக்கறேன்?" பெரியப்பா சிரித்தார், "படிச்ச பொண்ணு, அப்டித்தான் பேசும்." அப்பா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினாலும் என் முகம் தெரியாது, இடது கண்ணில் பால் ஊற்றினது போல் இருக்கிறது, வலது கண்ணில் வெறும் புகை, வீட்டுக்குள் நடந்தால் கதவு நிலையில் தோள் இடிக்கிறது. ஆனால் பாட்டில் இருந்த திசை மட்டும் அவருக்கு மிகச் சரியாகத் தெரிந்தது, கை நேராகப் போய் எடுத்துக்கொண்டது. ஆரஞ்சு. நான் என் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், பொடி எழுத்து, நூறு மில்லிக்குச் சர்க்கரை பதின்மூன்று கிராம், பாட்டில் இருநூறு மில்லி, இருபத்தாறு. ஸ்பூன் கணக்கில் ஐந்துக்கு மேல். காபியில் அரை ஸ்பூன் கூடப் போட விடமாட்டேன் என்று அம்மா டப்பாவைப் பரணில் வைத்திருக்கிறாள், பரணில், பூட்டுப் போடாத குறைதான். இருபத்தாறு. போன மாதம் ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டிவிட்டு, புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி எந்தக் கண் என்று குறித்துவிட்டு, பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், அப்பா நான்காவது ஆள், நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு ஐயா நீங்க எழுந்திருங்க என்றார், முந்நூற்று நாற்பது. மற்றவர்கள் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் அங்கியைக் கழற்றினார். பிளாஸ்திரியை யாரும் எடுத்துவிடவில்லை, பேருந்தில் வரும் வழியெல்லாம் அது அவர் நெற்றியில் இருந்தது, நான் எடுக்கலாம் என்று கை கொண்டுபோய்விட்டு எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை. இந்த முறையும் திருப்பி அனுப்பினால் அதற்கப்புறம் நாள் இல்லை. அடுத்த புதன் அக்கா சுகுணாவுக்குத் தாலி கட்டும்போது அவருக்கு அது புகைக்குள் நடக்கும்.

"ஏவ்" என்று என் காதுக்குப் பின்னால் ஏப்பம் விட்டார். நான் ஸ்கூட்டியை ஓட்டுகிறேன், அவர் பின்னால் தாம்பாளப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஏப்பம் ஆரஞ்சு வாசனையோடு என் கழுத்தில் பட்டது. "பாத்தியா, வயித்துல இருந்த கேஸ் எல்லாம் மேல வந்துடுச்சு. லேசாயிடுச்சு இப்ப." அது வயிற்றில் இருந்த கேஸ் இல்லைப்பா, பாட்டிலில் இருந்த கேஸ், நீங்கள் குடித்தீர்கள், அது வெளியே வருகிறது, அவ்வளவுதான், அதில் மருந்து எதுவும் இல்லை. மூன்று வருடம் வேதியியல் படித்து நான் கண்டது இதைத்தான், தண்ணீரில் அழுத்தி அடைத்த வாயு, அழுத்தம் போனால் வாயுவும் போகும். "அப்டி இல்லம்மா. அந்த கேஸ் போவும்போது சக்கரையையும் கொஞ்சம் தூக்கிக்கினு போயிடும். இல்லன்னா டாக்டருங்களே ஏன் வயித்து வலிக்கு சோடா குடுன்றாங்க?" எந்த டாக்டர் சொன்னார், எப்போது சொன்னார், கேட்கக் கூடாது, கேட்டால் ஒரு பெயரும் ஊரும் உடனே வரும், செத்துப்போன ஒரு டாக்டராக இருப்பார், போய்க் கேட்க முடியாது. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய காலத்தில் ஒரு லாரி ஏற்றி முடித்ததும் ஆளுக்கொரு கோலி சோடா கொடுப்பார்களாம், உப்புப் போட்டு, குடித்ததும் அடுத்த லாரிக்குத் தெம்பு வந்துவிடுமாம். அது உப்பினாலும் தண்ணீரினாலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததாலும் வந்த தெம்பு. ஆனால் அவர் உடம்பு அதைச் சோடாவின் பெயரில் எழுதி வைத்துக்கொண்டது, இனி அதை யார் அழிப்பது. எனக்கு வயிறு வலித்தால் சோடா, ஜுரம் விட்டால் சோடா, பத்தாவது ரிசல்ட் வந்த அன்று பன்னீர் சோடா, அப்போதெல்லாம் நான் மறுத்தேனா, மூக்கில் ஏறி கண்ணில் நீர் வரும், அந்த எரிச்சலே எனக்குப் பிடிக்கும், இப்போது மட்டும் எனக்கு எங்கிருந்து வந்தது இந்த வாத்தியார் குரல். இருந்தாலும் இருபத்தாறு இருபத்தாறுதான்.

இரண்டாவது வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தேன், அவர் பங்கையும் நானே குடித்துவிடுவது. குப்பம்மாள் அத்தை திராட்சைக் கலரை எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, நுரை வழிய வழியக் கொண்டு வந்தாள், அப்பா அரைத் தம்ளர் குடித்ததும் நான் பேச்சுக்கு நடுவில் அவர் கையிலிருந்து வாங்கி மடக்கென்று குடித்துவிட்டேன். அத்தை பார்த்துவிட்டாள். "ஐய, பாப்பாவுக்குத் தாகம் போல, இன்னும் ஒண்ணு ஒடைக்கறேன் இரு." உடைத்தாள். அப்பா தம்ளரில் விளிம்பு வரை. அதாவது நான் குடித்ததால் அவருக்கு அரைத் தம்ளர் கூடியது. என் புத்திசாலித்தனத்தின் விளைவு எப்போதும் இப்படித்தான், காலேஜில் கட்டணச் சலுகைப் படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மறந்தவள் நான். அத்தை மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாள், அப்பா பதில் சொன்னார், என் கவனமெல்லாம் என் பாதத்தில் இருந்தது, இடது பாதத்தில் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஊசி குத்துகிற மாதிரி, செருப்பு புதிது, செருப்பினால்தான், அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அம்மா சொல்வாள், செருப்புத்தான் கடிக்கிறது என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம், எங்கோ படித்தேன், வரலாம்தான், வரும் என்று போடவில்லை. இரண்டு வீட்டில் இரண்டரைத் தம்ளர் குடித்திருக்கிறேன், காலையில் இரண்டு இட்லி, இதெல்லாம் இப்போது எனக்குள் எங்கே போகிறது. நான் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை. செய்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது வீட்டில் மதியழகன் சார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், எங்கள் தெருவிலேயே முதல் அரசு வேலை, அவருக்காவது புரியும் என்று நம்பி வாசலிலேயே சொல்லிவிட்டேன், சார், அப்பாவுக்கு சர்க்கரை, எதுவும் கொடுக்க வேண்டாம். "தெரியும்மா, எனக்கும் இருக்கே" என்றார், நிம்மதியாக இருந்தது, உள்ளே திரும்பி, "ஏய், ஏகாம்பரம் அண்ணனுக்குக் கலர் குடுக்காத, சுகர் இருக்கு, பன்னீர் சோடா குடு" என்றார். பன்னீர் சோடா. அது வெள்ளையாக இருக்கிறதாம், சாயம் கலக்காததாம், வயிற்றைக் குளிர்விக்குமாம், அவரே தினம் ஒன்று குடிக்கிறாராம். சார், அதிலும் அதே அளவு சர்க்கரைதான் என்று வாய் வரை வந்தது. எனக்கு நாலாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். "இவ இப்டித்தான் சார், காலையிலேர்ந்து கூடவே போலீஸ் மாதிரி வரா" என்று அப்பா சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவர் குடித்தார். வெளியே வந்ததும் வண்டியை எடுக்காமல் நின்றேன். அப்பா, உங்களுக்குக் கண் வேணுமா வேணாமா? "வேணும்." அப்புறம்? "ஒருத்தன் குடுக்கறத வேணாம்னு எப்டிம்மா சொல்றது?" வாயைத் திறந்து சொல்றது, வேணாம், மூணு எழுத்து. அவர் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார், பிறகு, "அந்த மனையளக்க வந்தவன் நெனப்பு இருக்கா உனக்கு?" என்றார். இருக்கிறது. நான் நாலாவது படித்தேன். வீட்டுமனை அளக்க வந்தவருக்கு அம்மா சொம்பைப் புளி போட்டுத் துலக்கித் தண்ணீர் கொண்டு வந்தாள், வெயில், அவர் சட்டையெல்லாம் வியர்வை, சொம்பைப் பார்த்தார், எங்கள் கையைப் பார்த்தார், "தண்ணி வேணாம்மா, கடையில சீல் போட்ட பாட்டில் எதுனா கெடச்சா வாங்கியாரச் சொல்லு" என்றார். அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு ரோட்டுக்கடைக்குப் போய் வாங்கி வந்தார், கொடுத்தார், அந்த ஆள் மூடியை அவரே திறந்து குடித்தார். அம்மா சொம்புத் தண்ணீரைக் கனகாம்பரச் செடியில் ஊற்றினாள். "நம்ம வூட்டுல ஒருத்தன் வேணாம்னா எனக்கு அப்டித்தான் இருந்துச்சு. நான் போயி இன்னொருத்தன் வூட்டுல அதைச் சொல்லணுமா? சக்கரை ஏறுனா எறக்கிக்கலாம். இதை எறக்க முடியாது." எனக்குக் கோபம்தான் இன்னும் அதிகமானது, ஏனென்றால் அவர் சொல்வது சரியாக இருந்தது, சரியாக இருந்தும் அவர் கண் போய்விடும். சரியானதைச் செய்து கண்ணை இழந்தவர் என்று யாராவது கல்லில் பேர் வெட்டி வைப்பார்களா. வண்டியை எடுத்தேன். நான்காவது வீடு, ஐந்தாவது வீடு, ஆறாவது வீடு, நான் தடுப்பதை விட்டுவிட்டேன், ஆரஞ்சு, கருப்பு, மறுபடியும் ஆரஞ்சு, ஆறாறு முப்பத்தாறு, இல்லை, ஆறு இருபத்தாறு நூற்று ஐம்பத்தாறு, அத்தை வீட்டில் கூடின அரைத் தம்ளர் தனி. ஒவ்வொரு வீட்டிலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், பாட்டிலைக் காலி செய்து கீழே வைத்தார், நல்லா ஜில்லுனு இருந்துச்சு என்றார், கொடுத்தவர்களின் முகம் மலர்ந்தது, எனக்கு மட்டும் அந்த மலர்ச்சியெல்லாம் ரத்தத்தில் கரையும் வெள்ளைத் தூளாகத் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டிலும் நானும் ஒன்று குடித்தேன், வயிறு தகரம் போல உப்பி, நெஞ்சுக்கூட்டில் குமிழி ஏறி ஏறி நிற்கிறது, பல்லெல்லாம் கூசுகிறது, இன்னும் ஒரே ஒரு வீடு, அதோடு முடிந்தது, இன்னும் ஒரே ஒன்று.

அந்த ஒரு வீட்டைப் பற்றி ஏற்கெனவே வீட்டில் சண்டை நடந்துவிட்டது. பச்சையம்மாள் வீடு. அவரும் அவருக்கு முன்னால் அவர் அம்மாவும் எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்தவர்கள். ஊர் எங்களைத் தள்ளிக் குடிவைத்தது, நாங்கள் அவர்களை எங்களுக்கும் அந்தப் பக்கம், ஓடைக்கு அருகில் குடிவைத்தோம், எங்கள் வீட்டுக் குழந்தை பிறந்த துணி, செத்த துணி, தீட்டுத் துணி எல்லாம் அவர்கள் கைக்குப் போகும், எங்கள் வீட்டுச் சோறு மாலையில் அவர்கள் குண்டானுக்குப் போகும், அங்கிருந்து எதுவும் எங்கள் வீட்டுக்கு வராது. நான் காலேஜில் சாதியைப் பற்றி மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன், அந்தப் பேச்சில் மனையளக்க வந்தவர் இருந்தார், பச்சையம்மாள் இல்லை, அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. சுகுணாதான் பிடிவாதமாக இருந்தாள், தான் பெரியவளானபோது அந்தம்மாதான் தன்னை உட்கார வைத்துத் துணி மாற்றினாராம், அந்த வீட்டுக்குப் பத்திரிகை தட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், நேரில், அப்பாதான். "சொல்லி வுட்டா வந்துடப் போவுது" என்று அப்பா இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். பிறகு சரி என்றார். சரி என்றதும் நான் அதை மறந்துவிட்டேன், எனக்குச் சர்க்கரைதான் பயம், வேறு எதுவும் மண்டையில் இல்லை, இன்று காலையெல்லாம் இருந்ததே ஒரே ஒரு பயம், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மற்றதைப் பார்க்கவில்லை.

பச்சையம்மாள் வாசலில் நின்றிருந்தார். அப்பாவைவிடப் பத்து வயதாவது பெரியவர், இப்போது பேருந்து நிறுத்தத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார், மகன் வேன் ஓட்டுகிறான், வீடு புதிது, தரையில் டைல்ஸ். "வாங்க பெரியவரே, வா பாப்பா, உள்ள வாங்க." இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஈரத்துணியால் துடைத்து நீர்க்கோடு இன்னும் காயவில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அப்பா படியில் நின்றார். "இல்ல பச்சையம்மா, வண்டியில உக்காந்தே வந்தேன், செத்த நிக்கறேன்." தன்னைவிடப் பெரியவரை இவர் வா போ என்கிறார், அவர் இவரை வாங்க என்கிறார், இது எத்தனை வருடமாக என் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. தட்டை நான்தான் கொடுத்தேன், பச்சையம்மாள் புடவைத் தலைப்பை விரித்துத் தலைப்பில் வாங்கப் போனார், கையில வாங்குங்க என்றேன், வாங்கினார், பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஸ்டூல்மேல் மூடியிருந்த துண்டை எடுத்தார், இரண்டு பாட்டில், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று. எனக்கு நெஞ்சில் குமிழி ஏறியது, ஏழாவது, சரி, கடைசி. அப்போது அப்பா சொன்னார், "வேணாம் பச்சையம்மா. எனக்கு சுகர். டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு." சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அப்பாடா என்று, கடைசியிலாவது சொல்லத் தெரிந்ததே, மூன்று எழுத்து, எவ்வளவு எளிதாக வாயில் வந்தது, எவ்வளவு எளிதாக. அந்த எளிதாக என்கிற இடத்தில் எனக்குத் தடுக்கியது. ஆறு வீட்டில் வராத டாக்டர் ஏழாவது வீட்டுப் படியில் எப்படி வந்து நின்றார். பச்சையம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், "சீல் ஒடைக்கலீங்க, பாருங்க. கடையில வாங்கினது வாங்கினபடி இருக்குது. நான் மேல தொடச்சதோட சரி." அவர் அதைக் கெஞ்சிச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை, கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சீலைக் காட்டுவாரே, அப்படி, நடைமுறையாகச் சொன்னார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. நான் என் பாட்டிலைத் திறந்தேன், குடித்தேன், நிறுத்தாமல், வாய் வைத்து, மூக்கில் ஏறிற்று, கண்ணில் நீர் வந்தது, குமட்டியது, அடிவரை குடித்தேன். பிறகு மற்ற பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அப்பா கையில் வைத்தேன். குடிங்கப்பா. "நீதானே வேணாம்னே." இங்க குடிங்க. "டாக்டரு..." எனக்குள் காலையிலிருந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே அழுத்தமாக வந்தது, காலையிலேர்ந்து ஆறு வீட்டுல ஆறு பாட்டில் குடிச்சீங்களே, அப்ப எங்க போனாரு உங்க டாக்டரு?

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. பச்சையம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தார். அதுவரை அவருக்கு, ஒருவேளை நிஜமாகவே சுகர்தான் போல என்று நினைத்துக்கொள்ள ஒரு இடம் இருந்தது, அந்த இடத்தை நான் எண்ணிக்கையோடு அடைத்துவிட்டேன். ஆறு வீடு. ஆறு பாட்டில். அப்பா மறைத்ததை நான், நியாயம் கேட்கிறேன் என்று, பச்சையம்மாள் வீட்டுக்குள்ளேயே அவர் முன்னால் விரித்துப் போட்டேன். எண்ணுவதுதான் எனக்குத் தெரியும், எண்ணிக்கையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று படித்தவள் நான். பச்சையம்மாள் என்னைத்தான் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. "உடு பாப்பா. ஒடம்புக்கு ஆவாதத எதுக்கு வற்புறுத்தற? பெரியவரு நல்லா இருந்து பொண்ணு கல்யாணத்தப் பாக்கணும்." அப்பாவைக் காப்பாற்றிவிட்டார், என்னிடமிருந்து. அவருடைய கெட்டிக்காரத்தனம் அது, எத்தனை வீட்டு வாசலில் பழகியதோ. பாட்டில் அப்பா கையில் வியர்த்துக்கொண்டிருந்தது, சொட்டு சொட்டாக டைல்ஸில் விழுந்தது. ஓடைப் பக்கம் யாரோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள், ஆகவில்லை, மறுபடி உதைத்தார்கள். அப்பா மூடியைத் திருகினார். முதல் தடவை வழுக்கியது, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினார். அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார், கழுத்து நரம்பு ஏறி இறங்கியது, நான் என்னை அறியாமல் எண்ணினேன், நூற்று ஐம்பத்தாறும் இருபத்தாறும் நூற்று எண்பத்திரண்டு, நிறுத்துங்கள் போதும் என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, ஒரு சொட்டு மிச்சம் வைத்தாலும் அவரை மன்னிக்கமாட்டேன் போலவும் இருந்தது, என் ஒரே மண்டைக்குள் இரண்டும் ஒரே நேரத்தில். காலி பாட்டிலைப் படியில் வைத்தார். "ஜில்லுனு இருந்துச்சா?" என்று பச்சையம்மாள் கேட்டார், அப்பா தலையை ஆட்டினார். மற்ற ஆறு வீட்டிலும் யாரும் கேட்காமலே சொன்னது. திரும்பும்போது ஸ்கூட்டியில் அவர் ஏப்பம் விடவில்லை, அடக்கினார், என் முதுகுக்குப் பின்னால் அவர் நெஞ்சு அடக்கி அடக்கிக் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. ரைஸ் மில் தாண்டியதும் சொன்னார், "குடிச்சிட்டேன் இல்ல? இப்ப திருப்தியா?" திருப்தியா என்றால், எனக்குத் தெரியவில்லை. அவர் எதற்குக் குடித்தார், பச்சையம்மாளுக்காகவா, என் வாயை அடைக்கவா, சுடுசொல் கேட்ட கோபத்திலா. வாய் வைத்துக் குடிக்கவில்லையே என்று ஒரு பக்கம் ஓடியது, மற்ற வீட்டிலெல்லாம் எப்படிக் குடித்தார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், ஆரஞ்சு, திராட்சை, பன்னீர், எண்ணிக்கை மட்டும் இருந்தது, எப்படிக் குடித்தார் என்று ஒன்றையும் நான் பார்த்திருக்கவில்லை. வெயில் மண்டையில் இறங்கியது. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள், வெந்தயம் ஊறவைக்க வேண்டும், மாத்திரையை நானே எண்ணிக் கொடுக்க வேண்டும், நடக்க வைக்க வேண்டும், ஐயோ, நான்தான் கொடுத்தேன், ஏழாவதை நான்தான் கையில் வைத்தேன்.

அந்தக் காலையைப் பற்றித் தமயந்தி சொன்னது இதுவரைதான். புதன்கிழமை காலை அவள் அப்பா விரலில் குத்திப் பார்த்தபோது இருநூற்று அறுபத்தொன்று. மறுபடியும் அங்கியைக் கழற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த புதன் கல்யாணத்தில் அவர் மணமேடையில் உட்கார்ந்து, பெண் கட்டியிருப்பது என்ன நிறம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். பச்சையம்மாள் வந்திருந்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆபரேஷன் ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் அவள் அப்பா ஏகாம்பரம் ஒன்றையே சொல்கிறார்: "ஆறு வூட்டுல குடிச்சேன், ஒண்ணும் ஆவல. அந்த ஏழாவது வூட்டு பாட்டில்தான் ஏத்தி வுட்டுடுச்சு." தமயந்தி இதைச் சொல்லும்போது எரிச்சலோடுதான் சொன்னாள். ஆனால் தான் கொடுத்த பாட்டில் என்பதால் பாதி நம்புகிறாள் என்று எனக்குப் பட்டது, அதனால் விசாரித்தேன். விடுதிக்குக் கீழே உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், கலர் குடித்தால் சர்க்கரை அன்றைக்கு ஏறும், இந்த நோய் இருப்பவர்களுக்கு இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடித்தது புதன்கிழமை காலை வரை நிற்காது என்றார். வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள் என்றும் சொன்னார். தமயந்தியிடம் அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரி என்று ஒரு வரி, 10.4, ஏழுக்குள் இருக்க வேண்டியதாம். கணக்குப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தில் முக்கால்வாசி, பத்திரிகை அச்சாவதற்கு முன்பே கழிந்திருந்தது.